திரும்பாதே, நானா!

எனக்குக் கோபம் வரும். காரணமில்லாமல் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள், நம்பாதீர்கள். காரணத்தோடுதான் வரும். ஆள்தான் சில சமயம் மாறிவிடும்.

மக்காவுக்கு உம்ரா யாத்திரை போய் வந்தவர்கள் எல்லாரும் மனசு குளிர்ந்த கதையைத்தான் சொல்வார்கள். கஃபாவைப் பார்த்தேன், கண்ணீர் வந்தது, புது மனுஷியாகத் திரும்பினேன் என்பார்கள். நானும் கஃபாவைப் பார்த்தேன். எனக்கும் கண்ணீர் வந்தது. ஆனால் அதே நாளில், ரமலான் நோன்பு வாயோடு, இஹ்ராம் நிலையில், முன்பின் தெரியாத ஒரு மனுஷரின் தோள்பையைப் பிடித்து இழுத்து, குடும்பக் கதை முழுவதையும் சொல்லித் திட்டினேன். (இஹ்ராம் என்றால் உம்ராவை முடிக்கும்வரை நாம் மேற்கொள்ளும் கட்டுப்பாடு. நகம் வெட்டக்கூடாது, வாசனை பூசக்கூடாது. முக்கியமாக, சண்டை போடக்கூடாது. நகத்தை நான் வெட்டவில்லை.)

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. சிங்கப்பூரில், தோ பாயோ வீட்டில் உம்மாவும் நானும் மட்டும். வாப்பா மவுத்தாகிக் கண்மூடி நாலு வருஷம் ஆகியிருந்தது. அண்ணன் யூசுப், நாங்கள் கூப்பிடுவது நானா, கல்யாணமாகி உட்லண்ட்ஸில் இருந்தான். உம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், கூடவே சர்க்கரையும். ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட், மாத்திரை டப்பா, கால் பயிற்சி, லிஃப்ட் ரிப்பேர் என்றால் அக்கம்பக்கத்தில் ஆள் தேடுவது, எல்லாம் நான். நானா ஞாயிற்றுக்கிழமை வருவான். ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வருவான். சோபாவில் சாய்ந்து டிவியைப் போடுவான்.

உம்மா என்னைப் பார்த்துச் சொல்லும்: "புள்ள களைச்சுப் போய் வந்திருக்கான். டீ போடும்மா."

புள்ள களைச்சுப் போய் வந்திருக்கானாம்! நான் என்ன, வாரம் முழுக்க செந்தோசாவில் மணலில் படுத்திருந்தேனா?

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் நானா டீயை உறிஞ்சிக்கொண்டே, "உம்மா, இந்த நோன்புக்கு உம்ரா போயிட்டு வருவோமா?" என்றான். உம்மா அழுதுவிட்டது. மறுநாளே மாமி, சாச்சி, அடுத்த பிளாக்கில் இருப்பவர்கள் எல்லாம் ஃபோன் பண்ணி, "யூசுப் மாதிரி ஒரு புள்ளைய பெத்தியே" என்று உம்மாவைக் கொண்டாடினார்கள். நானா செய்தது அந்த ஒரு கேள்வி கேட்டதுதான். விசா, தடுப்பூசி, சக்கர நாற்காலி, டாக்டரிடம் உம்மா நோன்பு வைக்கலாமா என்று கேட்டது, தேக்கா தையல்காரரிடம் மூன்று தடவை நடந்து உம்மாவின் அபாயாவில் மாத்திரைக்கு உள்பாக்கெட் வைக்கச் சொன்னது, எல்லாம் நான்.

வாட்ஸ்அப்பில் மூன்று பேருக்கும் ஒரு குரூப் திறந்தேன். நான் இருபது வரி அனுப்பினால் நானா ஒரு கட்டைவிரல் அனுப்புவான். தடுப்பூசி தேதிக்குக் கட்டைவிரல். பாஸ்போர்ட் காப்பி கேட்டதற்குக் கட்டைவிரல். (பாஸ்போர்ட் காப்பி வரவில்லை, கட்டைவிரல்தான் வந்தது.)

எனக்குக் கப்பல் சரக்குக் கம்பெனியில் வேலை. எந்தக் கண்டெய்னர் எங்கே இறங்கணும், எப்போது ஏறணும் என்று நாள் முழுக்க எண்களைச் சரிபார்க்கிற வேலை. அந்தத் திமிரில் பயணம் முழுவதையும் மணிக்கணக்குப்படி அட்டவணை போட்டேன். பிளாஸ்டிக் ஒட்டிய அட்டை அடித்து என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். எங்கே பிரிவது, எந்த வாசலில் சேருவது, எல்லாம் அதில் இருந்தது. வாசல் எண்ணை மட்டும் தனியாக குரூப்பிலும் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

மக்காவில் நாங்கள் இறங்கிய நாளிலேயே உம்ரா. எங்களை அழைத்துப்போன டிராவல்ஸ்காரர்கள் நாற்பது பேருக்கும் ஒரே மாதிரி பச்சைத் தோள்பை கொடுத்திருந்தார்கள். சாயங்கால அஸர் தொழுதுவிட்டு உள்ளே போனோம். சக்கர நாற்காலிக்கு மாடியில் தனிப்பாதை. அதனால் நானா உம்மாவைத் தள்ளிக்கொண்டு மேலே போவது, நான் கீழே கஃபாவைச் சுற்றுவது, ஏழு சுற்றும் முடிந்ததும் நோன்பு திறக்க வாசலில் சேருவது, அதற்குப் பிறகு மிச்சக் கடமைகளைச் சேர்ந்து முடிப்பது. இதுதான் ஏற்பாடு.

கஃபாவைக் கண்ட நிமிஷம் எனக்குள் இருந்த அத்தனை சத்தமும் நின்றுபோனது. இதில் நான் விளையாடவில்லை. ஏழு சுற்றும் அழுதுகொண்டே சுற்றினேன். வாப்பாவுக்குக் கேட்டேன், உம்மா முட்டிக்குக் கேட்டேன். நானாவுக்குக்கூட நல்லதாக ரெண்டு வார்த்தை கேட்டேன்.

பிறகு எழுபத்தொன்பதாம் வாசலுக்கு வந்தேன். அங்கே யாரும் இல்லை.

அதாவது, லட்சோபலட்சம் பேர் இருந்தார்கள். நம்ம ஆள் இரண்டு பேர் இல்லை. வெளி முற்றத்தில் நீளநீளமாகப் பிளாஸ்டிக் விரித்து, பேரீச்சம்பழமும் தயிரும் ரொட்டியும் வைத்து, போகிற வருகிறவர்களைக் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உட்காரவில்லை. நானாவுக்கு ஃபோன் அடித்தேன். லைன் போகவில்லை. பத்துத் தடவை அடித்தேன். நோன்பு திறக்கும் மஃரிபுக்கு இருபது நிமிஷம் இருந்தது. உம்மாவின் சர்க்கரை திடீரென்று இறங்கினால் வாயில் போடவேண்டிய மிட்டாய் என் பையில் இருந்தது. உம்மா நோன்போடு, தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்தக் கூட்டத்தில் எங்கேயோ. அந்த இருபது நிமிஷம் எனக்குப் பயம்தான். ஆனால் என் உடம்பில் பயத்துக்கு என்று தனியாக இடம் கிடையாது. அதுவும் கோபமாகத்தான் வெளியே வரும்.

அப்போதுதான் பார்த்தேன். பத்தடி தூரத்தில், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதே அகலத் தோள், அதே வெள்ளை இஹ்ராம் துணி, அதே பச்சைப் பை. ஃபோனை உயரத் தூக்கிப் பிடித்து வீடியோ காலில் சிரித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் சக்கர நாற்காலி இல்லை. உம்மாவும் இல்லை.

பாய்ந்துபோய்ப் பையின் வாரைப் பின்னாலிருந்து பிடித்தேன்.

"உம்மாவ எங்கே விட்டுட்டு வந்தே?"

அவர் திரும்பப் பார்த்தார்.

"திரும்பாதே! மூஞ்சியப் பாத்தா எனக்கு இன்னும் கோபம் வரும். அப்படியே நில்லு. உம்மாவ எங்கே விட்டே?"

"புக்கிட் மேராவுல..." என்றது முதுகு, மெதுவாக.

சிங்கப்பூரில் இருக்கும் புக்கிட் மேராவிலாம்! நக்கல் வேறு! அவ்வளவுதான். எனக்குக் கண் மண் தெரியவில்லை.

"காமெடியா இருக்கா உனக்கு? வாரத்துக்கு ஒரு தடவை வந்து பழத்தைக் குடுத்துட்டுப் போனா மகனாயிடுவியா? உம்மாவுக்கு என்ன மாத்திரைன்னு தெரியுமா உனக்கு? எந்த முட்டி அதிகமா வலிக்குதுன்னு தெரியுமா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்குதுன்னு தெரியுமா? எல்லாம் தங்கச்சி பாத்துக்குவா, நீ வந்து போட்டோ எடுத்துக்குவே, பேரு உனக்கு! ஒரு நாள், ஒரே ஒரு நாள் லீவ் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கியா?"

பதில் ஃபோனிலிருந்து வந்தது. ஒரு பெண் குரல், தெளிவான சிங்கப்பூர்த் தமிழ்.

"அண்ணே, யாருண்ணே அது? கரெக்டா பேசுதுலா. நிறுத்தச் சொல்லாதே."

நானாவை யாரும் அண்ணே என்று கூப்பிட மாட்டார்கள். அவனுக்கு இருக்கும் ஒரே தங்கச்சி நான்தான். வாரை விட்டேன். மனுஷர் மெல்லத் திரும்பினார். ஐம்பது வயது இருக்கும். மீசை இல்லாத வட்ட முகம். ஏர்போர்ட்டில் எங்கள் வரிசையில் நின்றிருந்தவர். பெயர் ஜமால் என்று பிறகு தெரிந்தது. ஃபோன் திரையில், புக்கிட் மேரா வீட்டுக் கட்டிலில் படுத்திருந்த ஒரு வயசான அம்மாவும், பக்கத்தில் அவரைப் பார்த்துக்கொள்ளும் மகளும். அந்த மகள் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

மனுஷரின் கண் நிறைந்திருந்தது. "ஸாரி... நான்... எங்க நானான்னு..." என்று உளறினேன். அந்த நேரம் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

அவர் குனிந்து, கீழே விரித்திருந்த பிளாஸ்டிக்கிலிருந்து ஒரு பேரீச்சம்பழம் எடுத்து என் கையில் வைத்தார்.

"முதல்ல நோன்பத் திறங்க தங்கச்சி. அப்புறம் மிச்சத்தைத் திட்டலாம்."

அந்தப் பேரீச்சம்பழத்தைப் போலக் கஷ்டப்பட்டு வேறெதையும் நான் வாழ்நாளில் விழுங்கியதில்லை.

தண்ணீர் எடுக்கப் போயிருந்த அவர் மனைவி ஜைனப் அதற்குள் வந்துவிட்டார். நான் அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எந்த வாசல்னு சொன்னீங்க?" கழுத்து அட்டையைக் காட்டினேன். எழுபத்தொன்பது. "அவருக்கு அனுப்புனதைக் காட்டுங்க." குரூப்பைத் திறந்தேன். நான் தட்டச்சு செய்தது தொண்ணூற்றேழு.

எண் சரிபார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

தொழுகை முடிந்ததும் இருவரும் என்னோடு வந்தார்கள். கூட்டத்தை நெம்பித் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, தொண்ணூற்றேழாம் வாசலில் உம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஒரு துருக்கிக்காரப் பெண் கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. நானா கீழே தரையில் உட்கார்ந்து உம்மா காலை அமுக்கிக்கொண்டிருந்தான். அவன் ஃபோனில் எனக்கு வந்துசேராத அழைப்புகள், போகாத மெசேஜ்கள்.

உம்மா என்னைப் பார்த்ததும் சொன்னது: "எங்கேம்மா போயிட்டே? நானா பாவம், உன்னை நெனச்சுத் தவிச்சுப் போயிட்டான்."

நானா பாவம்! மூச்சை இழுத்தேன். ஜைனப் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

மறுநாள் எங்கள் குழுவோடு வந்த மார்க்க ஆசிரியர் உஸ்தாதிடம் போய், "இஹ்ராம்ல ஒருத்தங்க கோபத்துல ஒருத்தரைத் திட்டிட்டா, அவங்க உம்ரா கூடுமா?" என்று பொதுவாகக் கேட்டேன். அவர் தலையைத் தூக்காமலே, "கூடும். ஜமால்கிட்ட மன்னிப்புக் கேட்டாச்சா?" என்றார். நாற்பது பேருக்கும் தெரிந்திருந்தது. ஹோட்டல் சாப்பாட்டு மண்டபத்தில் ஜைனப் இரண்டு வேஷத்தையும் அவரே போட்டு நடித்துக் காட்டியிருந்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானா மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்குப் போகவேண்டிய திட்டு, விலாசம் மாறிய கடிதம் மாதிரி அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே சத்தமாகப் படிக்கப்பட்டு, கடைசியில் அவனிடம் வந்திருந்தது.

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மதீனாவில், அஸருக்குப் பிறகு, பள்ளிவாசல் முற்றத்துப் பெரிய குடைகளுக்குக் கீழே உம்மாவை நடுவில் வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் வெடித்தான்.

"நீ சொன்னது உண்மைதான். ஆனா ஒரு தடவையாவது என்னைக் கேட்டியா? நான் செய்யறேன்னு சொன்னா, 'உனக்குத் தெரியாது, நானே பாத்துக்கறேன்'னு சொல்லுவே."

"கேட்டாத்தான் செய்வியா? உன் உம்மா இல்லையா?"

"எனக்கு லீவ் கிடைக்கிறது எவ்வளவு கஷ்டம்னு..."

"எனக்கு மட்டும் கம்பெனியே சொந்தமா?"

"வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

உம்மா. எங்கள் உம்மா குரலை உயர்த்தி நாங்கள் கேட்டதே இல்லை. பக்கத்து வரிசையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் என்ன தபால்ல வந்த பார்சலா? யார் கையெழுத்துப் போட்டு வாங்குறதுன்னு சண்டை போடுறீங்க. எனக்கு என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அவன் வந்தா டிவி, நீ வந்தா மாத்திரை. உக்காந்து என்கூட நாலு வார்த்தை பேசுறதுக்கு ஆளில்லை. எந்திரிச்சுப் போங்க. நான் தனியா துஆ கேக்கணும்."

எழுந்து போனோம். ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு இரண்டு பேரும் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அரை மணி நேரம் கையேந்தியபடியே இருந்தது. என்ன கேட்டது என்று இன்றுவரை சொல்லவில்லை. நானா மூக்கை உறிஞ்சினான். நான் டிஷ்யூ கொடுத்தேன். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நானா அடியோடு மாறிவிட்டான் என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். ஆஸ்பத்திரிக்கு இப்போது அவன்தான் கூட்டிப் போகிறான், போன தடவை அப்பாயின்ட்மென்ட் அட்டையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனான். எனக்குக் கோபம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் நான் உம்மாவோடு சும்மா உட்கார்ந்து பேசவேண்டும் என்பது உம்மா போட்ட சட்டம். மாத்திரையைப் பற்றி வாயைத் திறந்தால் அபராதமாக எழுந்து சமையல்கட்டுக்குப் போகவேண்டும். அதற்கும் எனக்குக் கோபம் வருகிறது. ஜமாலின் தங்கச்சி மாதம் ஒருமுறை எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறாள்: "அக்கா, எங்க அண்ணன் மறுபடியும் மெல்ல நழுவுறான். ஒரு நாள் வந்து இன்னொரு டோஸ் குடுத்துட்டுப் போங்களேன்."

எங்கள் வீட்டில் இப்போது நான் குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதும். எதிரே இருப்பவர் யாராக இருந்தாலும், நானா, மதினி, போன மாதம் முதல்முறையாக என்னைப் பெண் பார்க்க வந்து அந்தக் கதையைக் கேட்டுவிட்ட மாப்பிள்ளை வீட்டுக்காரர் உட்பட, உடனே எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு கேட்கிறார்கள்:

"திரும்பலாமா, வேணாமா?"

உம்மா நாற்காலியில் இருந்தபடியே விழுந்து விழுந்து சிரிக்கிறது. எனக்குக் கோபம்தான் வருகிறது.