காக்கைக்குப் பாக்கி

முதல் வாரம் முடிந்தபோது, ஆராய்ச்சிக்கார அம்மா காக்கைக்குத் தரவேண்டிய பாக்கி சரியாக நாற்பத்தேழு வேர்க்கடலை.

கூண்டு கழுவுகிறவருக்கு இது எப்படித் தெரியும் என்றால், சாயங்காலம் கிண்ணங்களைக் கழுவுவதும் அவர்தான். சோதனை இதுதான்: காக்கை ஒரு இரும்பு வாஷர் வளையத்தைக் கொண்டுவந்து கொடுத்தால் பதிலுக்கு ஒரு கடலை. அம்மாவின் உதவியாளர் உடனே கொடுத்துவிடுவார். அம்மாவோ வாஷரை வாங்கி நீலக் கிண்ணத்தில் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி கூரையைப் பார்ப்பார். அந்தக் கிண்ணத்தில் இப்போது நாற்பத்தேழு வாஷர்.

"பாவம், மறதி. என் மக வயசுதான். சாப்பிட்டோமான்னே அதுக்கு ஞாபகம் இருக்காது," என்று கூண்டு கழுவுகிறவர் வாசல் காவலரிடம் சொன்னார். "காக்கா கோவிச்சுக்கிட்டு வராம போச்சுன்னா அதோட ஆராய்ச்சி என்ன ஆகும்?"

"உமக்கெதுக்குய்யா வம்பு? தரையைத் துடைச்சமா, வீட்டுக்குப் போனமான்னு இரும்."

அவர் கேட்கவில்லை. சொந்தக் காசில் கடலை வாங்கினார். சாயங்காலம், நீலக் கிண்ணத்து வாஷரை ஒவ்வொன்றாகக் காக்கையிடம் காட்டி, "இது அம்மா கணக்கு" என்று இரண்டு இரண்டு கடலையாக வைத்தார். தாமதமாகிவிட்டதே, ஒன்று கூடவே இருக்கட்டும். அன்றிலிருந்து தினமும் இதே வேலை.

காக்கை அம்மாவிடமே ஓட ஆரம்பித்தது. இவருக்கு உச்சி குளிர்ந்தது. அம்மாவுக்குத்தான் முகம் வாடிப்போயிற்று.

இதே சோதனையை வேறோர் ஊரில் செய்துகொண்டிருந்த கூட்டாளிப் பேராசிரியர் கணினித் திரையில் வந்தார். "எங்க காக்கா இப்படிச் செய்யலையே. உங்க கணக்குலதான் ஏதோ தப்பு இருக்கு."

தரை துடைத்துக்கொண்டிருந்தவர் சட்டென்று நிமிர்ந்து திரையைப் பார்த்தார். 'பாக்கி விஷயம் வெளியே தெரிஞ்சுபோச்சே!'

அன்றைக்கு மூன்று மூன்றாக வைத்தார்.

மறுநாள் காக்கை உதவியாளரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. போதாததற்கு, அவருடைய கிண்ணத்து வாஷர்களையும் கொத்திக்கொண்டு வந்து அம்மா கையில் திணித்தது.

"இதை எப்படிம்மா நம்பச் சொல்றீங்க?" என்றார் திரையில் பேராசிரியர். "நாம சேர்ந்து செய்யறதை இத்தோட நிறுத்திக்கலாம்."

அம்மா தீவன மூட்டைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவர் கையிலிருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினார்.

"அழாதீங்கம்மா! நீங்க யாருக்கும் கடன்காரி இல்ல. உங்க பாக்கியை நான் அன்னன்னைக்கே தீர்த்துட்டேன்."

"எந்தப் பாக்கி?"

நீலக் கிண்ணத்தைக் காட்டி நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டார்.

"ஐயோ அண்ணே! அது மறதி இல்ல. காக்கா ஏமாத்தினவங்களை ஞாபகம் வச்சு ஒதுக்குதான்னு பார்க்க, வேணும்னேதான் குடுக்காம இருந்தேன்!"

அவர் கவிழ்த்துவைத்த வாளிமேல் பொத்தென்று உட்கார்ந்தார். "உங்க உழைப்பையெல்லாம் நான்தான் கெடுத்தேனா?"

"எனக்காகவா சொந்தக் காசைப் போட்டீங்க?" அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கடலை டப்பாவை அப்படியே அவர் மடியில் கவிழ்த்தார். "இந்தாங்க. உங்க பாக்கியும் தீர்ந்தது."

திரையில் பேராசிரியர் தலையைச் சொறிந்தார். "அதெல்லாம் சரி. உடனே குடுக்கறவரை விட்டுட்டு, காக்கா எதுக்கு இவங்ககிட்ட ஓடுது? அவ்வளவு பாசமா?"

சாவி வாங்க வந்து கதவோரம் நின்றிருந்த காவலர் சொன்னார்: "பாசமாவது! ஒண்ணுக்கு மூணா திரும்பி வந்தா, யாருங்க வட்டிக்கு விடமாட்டாங்க?"