தம்பியின் வெற்றிக்கு நான் செய்த ஏற்பாடுகள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் மனைவி, மகள், நான் எல்லோரும் சுகம். பயிற்சிக்குப் போன ஊரில் உனக்குச் சாப்பாடும் தூக்கமும் ஒத்துக்கொண்டிருக்கும் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கத்துவாய், ஆகவே கடிதம்.

நம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் தேர்தலில் இந்த முறையும் தோற்றால் மாமனார் வீட்டில் தலைகாட்ட முடியாது என்று சொல்லித்தானே பிரசாரத்தை என்னிடம் விட்டுப் போனாய்? கவலையை விடு. இன்று காலை வாக்குப்பதிவு முடிந்தது, கீழே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள், வெற்றி உன் சட்டைப்பையில்.

வீட்டுக்கு ஒரு வாக்கு அல்லவா? அந்த வாக்கைப் பெற்றோர் சார்பில் வீட்டுக் குழந்தையே போடட்டும், சின்ன வயதிலேயே பழகட்டும், குழந்தை இல்லாத வீட்டில் மட்டும் பெரியவர் போடட்டும் என்றேன். தேர்தல் அதிகாரியான வங்கிக்காரர், "டீச்சர் சொன்னா சரிதான்" என்று தலையாட்டிவிட்டார். குழந்தைகள் என் பக்கம், நான் உன் பக்கம், வேறென்ன வேண்டும்?

கார் நிறுத்துமிடத்தில் வகுப்பு எடுத்தேன். எதையும் உதாரணத்தோடு சொன்னால்தான் மனதில் நிற்கும். உப்பு பிஸ்கட்டா, கிரீம் பிஸ்கட்டா என்று மாதிரித் தேர்தல் வைத்தேன். எல்லாம் முதலில் நின்ற குண்டுப் பயலின் கையைப் பார்த்தே போட்டன. விடுவேனா? "அடுத்தவனைப் பாக்காதே. அம்மா சொன்னாலும் கேக்காதே, அப்பா சொன்னாலும் கேக்காதே, இந்த டீச்சர் சொன்னாலும் கேக்காதே. யாருக்குப் போட்டேன்னு யார்கிட்டயும் சொல்லாதே, அது ரகசியம்" என்று மனப்பாடம் ஆகும்வரை சொல்லிக்கொடுத்தேன். கற்பூரம் மாதிரிப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு வேட்பாளரைக் கேள்வி கேட்கும் பயிற்சி. நீ இல்லாததால் உனக்காக நான் நின்றேன்.

"அங்கிள் ஏன் எங்க பந்தையெல்லாம் பிடுங்கி வெச்சுக்கறாரு?"

"கார் மேல பட்டுதுன்னு."

"பட்டுதா டீச்சர்?"

"இல்லடா கண்ணு, படல."

பாடம் நடத்தும்போது பொய் சொல்லலாமா? அதற்குள் உன் மகள், "எங்கப்பா பீரோல எல்லாம் இருக்கு, வாங்க காட்டறேன்!" என்று மொத்தப் படையையும் மாடிக்கு அழைத்துப் போனாள். ஒளிவுமறைவில்லாத குடும்பம் என்று உனக்கு நல்ல பெயர்.

உன் எதிரி பல் டாக்டரும் வந்தார். அவரைக் கண்டாலே பிள்ளைகள் வாயை மூடிக்கொள்ளும் என்பதால் எனக்குப் பரம சந்தோஷம். "பந்து விளையாட இடம் ஒதுக்குவேன். ஆனா சாக்லேட்டக் கொறைக்கணும்" என்றார். எல்லாம் 'ஐயோ' என்றன. 'ஓட்டுக்காகக்கூட உண்மையை மறைக்காத மனிதர்' என்பதற்கு உடனே அவரையே உதாரணம் காட்டினேன். கைதட்டினார்கள், என் பாடத்துக்கு.

இன்று உங்கள் வீட்டு வாக்கை உன் மகள்தான் போட்டாள். "யாருக்குடி போட்ட?" என்று உன் மனைவி கேட்டதற்கு, "ரகசியம்மா!" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பதவியும் ஆரோக்கியமும் பெற்றுப் பல்லாண்டு வாழ்க.

உன் பிரியமுள்ள
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் முடிவு வந்துவிட்டது. உனக்கு ஒரு வாக்கு. தனக்குத்தானே போட்டுக்கொள்வது நாகரிகமில்லை என்று பல் டாக்டர் உனக்குப் போட்டாராம். என் வீட்டு வாக்கைப் பற்றி மட்டும் கேட்காதே. ரகசியம் என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.