ஐயாயிரம் தடவை பிடுங்கிச் செருகவும்

அஸ்தினாபுரம்,
வியாழக்கிழமை.

பள்ளிக்கரணையில் மகன் வீட்டில் சுகமாக எழுந்தருளியிருக்கும் மைத்துனர் ஸ்ரீரங்கன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சாவித்ரியின் கணவன் சத்யநாராயணன் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நாங்கள் இருவரும் நலம். எனக்குள்ள சர்க்கரையும் அவளுக்குள்ள ரத்த அழுத்தமும் எங்களைவிட நலம். அவ்விடம் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்.

இருபத்தேழு வருஷமாகப் பேசாத மனுஷன் இன்றைக்கு என்ன திடீரென்று கடுதாசி போடுகிறான், பணமா காசா, என்று நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு யோசிப்பீர்கள். அதெல்லாம் இல்லை. தோற்றுப்போனேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நீங்கள் "அப்பவே சொன்னேனே" என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. கடிதத்தில் நீங்கள் எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், என் காதில் விழாது.

விஷயம் இதுதான். வீட்டை ஃபிளாட் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டோம். மாதக் கடைசிக்குள் காலி செய்துவிட்டுச் சிட்லபாக்கத்தில் வாடகை வீட்டுக்குப் போக வேண்டும். மாடிப்படிக்குக் கீழே நிற்கிறதே நம்முடைய கம்ப்யூட்டர் சர்வர், 2007இல் கம்பெனியை மூடியபோது நாலு பேர் பிடித்துக் குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்தேனே, அதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. சியாட்டிலிலிருந்து மிருதுளா, "அப்பா, அதுல இருக்கிற போட்டோ எல்லாம் என் சுண்டுவிரல் அளவு குச்சில அடங்கிடும், அந்தப் பீரோவைத் தூக்கிப் போடுப்பா" என்று சொல்லிவிட்டாள். பெற்ற பெண். அந்த இயந்திரத்தின் சூடான காற்றில்தான் அவளுடைய காலேஜ் யூனிஃபார்மை மழைக்காலத்தில் காயவைத்தோம், நன்றி கெட்டவள். சரி என்று பழைய இரும்புக் கடை பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டேன். அவன் குனிந்து பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, இன்னும் ஓடிகினு கீது? ஓடறத எப்டி சார் எடைக்குப் போடறது? நிறுத்திட்டுக் கூப்டு, சனிக்கெழம வரேன். உசுரோட தூக்கினு போவ மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏனென்றால் மைத்துனரே, அது வெறும் இரும்பா? தாம்பரம் சானடோரியத்தில் நம் தென்மலை சிஸ்டம்ஸின் அந்த டெஸ்டிங் ரூம் ஞாபகமிருக்கிறதா? ஏசி குளிருக்கு நீங்கள் மே மாதத்தில் மஃப்ளர் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். ஈயம் உருகும் வாசனை, கான்டீன் ரவா கிச்சடி வாசனை, ரெண்டும் சேர்ந்து ஒரு வாசனை வரும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது கிச்சடி கிளறினால் நான் சால்டரிங் அயர்னைத் தேடுகிறேன். சாயங்காலம் உங்கள் ஸ்கூட்டரில் பின்னால் நான், ஸ்டேஷன் வாசலில் டீ. அப்படி ஒரு டீயில்தான், "எனக்கு ஒரு தங்கை இருக்கா, பார்க்கறீங்களா?" என்று கேட்டீர்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூட மூன்று மாதம் சோதிக்காமல் விடாத மனுஷன், என்னை மட்டும் ஒரே டீயில் பாஸ் பண்ணினீர்கள்.

அப்புறம் 1998 வந்தது. ஒரு சர்வருக்கு ரெண்டு பவர் சப்ளை, ரெண்டு பிளக், ஒன்று படுத்தால் இன்னொன்று தாங்கும் என்பது உலகத்தில் எனக்கு முன்னாலேயே உண்டு, நான் மறுக்கவில்லை. நான் கண்டுபிடித்தது நடுவிலே இருக்கிற அந்த உள்ளங்கை அகலப் பலகை. ஒன்று படுக்கிற அதே கணத்தில் முழுப் பாரத்தையும் மற்றதன் தோளுக்கு மாற்றும், ஒரு விளக்குகூடக் கண் சிமிட்டாது. மலிவு விலையில் கிடைத்த சாமான்களை வைத்து, நம் ஊர்க் கரண்ட்டுக்கென்று செய்தது. காப்புரிமைக்கு மனு எழுதி வைத்தாயிற்று. உங்கள் டெஸ்டிங் ரிப்போர்ட் ஒன்றுதான் பாக்கி. நீங்கள் பச்சை மசிப் பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "இருநூறு தடவைதானே பார்த்திருக்கீங்க? ஓடற மெஷின்ல ஐயாயிரம் தடவை ஒரு பிளக்கைப் பிடுங்கிச் செருகணும், மாப்பிள்ளே. அதுக்கு முன்னாடி கையெழுத்து இல்லை" என்றீர்கள். "ஐயாயிரம் தடவை பிடுங்க நான் என்ன பல் டாக்டரா?" என்று கத்தினேன். ரிப்போர்ட் இல்லாததால் மனு காலாவதியானது. முதலாளி ஒற்றை சப்ளையே போதும் என்று முடித்துவிட்டார். என் பலகை வைத்த ஒரே இயந்திரம் மாடிப்படிக்குக் கீழே நிற்கிற அதுதான். அன்றிலிருந்து கல்யாணப் பந்தியில்கூட நமக்கு நடுவில் யாரையாவது உட்காரவைத்துத்தான் சாப்பிட்டிருக்கிறோம். எட்டு கிலோமீட்டர் தூரம், இருபத்தேழு வருஷம்.

இந்தப் பதினெட்டு வருஷமும் உங்களைத் தோற்கடித்துவிட்டதாகத்தான் மாடிப்படியைக் கடக்கும்போதெல்லாம் மனசுக்குள் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சப்ளை படுத்தால் கத்தவேண்டிய பஸ்ஸர் ஒருநாளும் கத்தியதில்லை. ஆரஞ்சு விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை. உங்கள் தங்கை முதல் ஆயுத பூஜைக்கே அதற்குச் சந்தனம் அப்பி, நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டும் ஒட்டினாள். வருஷா வருஷம் புதுப்பிக்கிறாள். கணவன் செய்த இயந்திரத்தின்மேல் எவ்வளவு பக்தி என்று நெகிழ்ந்துபோவேன். வீட்டில் நான் கை வைத்த எதுவும் பழுதானதில்லை. சமையலறையில் கிரைண்டருக்கு நானே போட்ட பிளக் பாயிண்ட்கூட இன்றுவரை மக்கர் பண்ணியதில்லை. அவள் காலனிக்கெல்லாம் இட்லி மாவு அரைத்து விற்கிறாளே, அந்தத் தொழிலே என் வயரிங்கில்தான் ஓடுகிறது என்று வாக்கிங்கில் கூட வரும் தேவானந்தம் சாரிடம்கூடப் பெருமையடித்திருக்கிறேன்.

இன்றைக்குப் போட்டோவையெல்லாம் நகலெடுக்க உட்கார்ந்தவன், போகிற காலத்தில் பார்த்துவிடுவோமே என்று, இயந்திரம் தானே எழுதிவைக்கும் தினக்குறிப்பைத் திறந்தேன். பஸ்ஸர் கத்தாததால் பதினெட்டு வருஷமாக அதைத் திறந்ததே இல்லை. திறந்தால், ஐயோ மைத்துனரே. "இடது சப்ளை செயலிழந்தது. இடது சப்ளை மீண்டது. இடது சப்ளை செயலிழந்தது." பக்கம் பக்கமாக. இன்று காலையோடு ஐயாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு தடவை. அநேகமாக எல்லாம் காலை ஐந்து ஐம்பதுக்குப் படுக்கிறது, ஆறரைக்குத் தானாக எழுந்துகொள்கிறது. நான் செம்பாக்கம் ஏரிக்கரைக்கு வாக்கிங் போகிற நேரம். நான் முதுகைத் திருப்பினால் போதும், மயக்கம் போட்டு விழுந்திருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பிலிருந்து வரும் ஈரக்காற்றா, முதல் மின்சார ரயிலின் அதிர்வா என்று மூளையைக் கசக்கிக்கொண்டேன். கொரோனா மாதங்களில், நான் மொட்டைமாடியில் நடந்த காலையும் சாயங்காலமுமாக, ஒரு நாளைக்கு ரெண்டு தடவை விழுந்திருக்கிறது, அதற்கும் தொற்றியதோ என்னவோ. மிருதுளா கல்யாணத்துக்குப் பத்து நாள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனபோது ஒரு தடவைகூட விழவில்லை. அப்படியானால் என்ன அர்த்தம்? என் நிழல் பட்டாலே அதற்கு ஆகவில்லை என்றுதானே அர்த்தம்? வலது சப்ளை தாங்கியதே என்று நீங்கள் ஆறுதல் சொல்லவேண்டாம். தினம் மயங்கி விழும் வாட்ச்மேனை யார் வேலைக்கு வைப்பார்கள்? அதிலும் விழும்போது ஒரு தடவையாவது கத்தியதா? அந்தப் பஸ்ஸரும் என் டிசைன்தான்.

நீங்கள் கையெழுத்துப் போடாதது சரி. போட்டிருந்தால் அது ஊரெல்லாம் போயிருக்கும், எங்கேயாவது ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு பாங்கில், காலை ஐந்து ஐம்பதுக்கு மயங்கி விழுந்திருக்கும். உங்கள்மேல் கோபப்பட்டுக் கழித்த வருஷங்களை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. சனிக்கிழமை பொன்னுரங்கம் வருவான். அதற்கு முன்னால் என் கையாலேயே நிறுத்திவிடுகிறேன். முடிந்தால் மன்னியுங்கள், முடியாவிட்டால் அடுத்த கல்யாணத்தில் நடுவில் ஆள் இல்லாமலாவது உட்காருங்கள்.

மன்னிக்கு என் நமஸ்காரம், பேரக்குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், முழங்காலுக்குத் தனி விசாரிப்பு.

இப்படிக்கு,
ஒரே டீயில் பாஸாகி, ஐயாயிரத்தில் ஃபெயிலான
சத்யநாராயணன்.

பின்குறிப்பு: மேலே எழுதியது அத்தனையும் ரத்து. கவரை ஒட்டுவதற்கு முன்னால் என் கடிதங்களை உங்கள் தங்கை படித்துப் பார்ப்பது இந்த வீட்டு வழக்கம். படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். "காலைல ஆறு மணி வாக்கிலதானே?" என்றாள். ஆமாம் என்றேன். "இடது பக்கத்துப் பிளக்தானே?" ஆமாம் என்றேன். "அது நான்தான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "கிச்சன்ல நீங்க போட்ட பாயிண்ட் முதல் வாரமே ஷாக் அடிச்சுது. உங்ககிட்ட சொன்னா மூணு மாசம் அதை ஆராய்ச்சி பண்ணுவீங்க, நான் மாவு அரைச்ச மாதிரிதான். நீங்க வாக்கிங் போனதும் கிரைண்டரை ட்ராலியோட மாடிப்படிக்குக் கீழே தள்ளிண்டு போவேன். அந்தப் பெட்டிக்கு எதுக்கு ரெண்டு பிளக்? ஒண்ணைப் பிடுங்கிட்டுக் கிரைண்டரைச் செருகுவேன். அரைச்சு முடிச்சதும் பழையபடி செருகிடுவேன். முதல் நாள் அது கத்துச்சு பாருங்க, காது போச்சு. ஆயுத பூஜை வர்றதுக்குள்ள சந்தனத்தோட மைதா பசையைக் கலந்து அந்த ஓட்டையை அடைச்சேன். லைட்டு வேற சிமிட்டிண்டே இருந்துது, பொட்டை ஒட்டினேன்" என்றாள். கொரோனாவில் காலனியே வீட்டில் இருந்ததால் மாவு ரெண்டு வேளை. மிருதுளா கல்யாணத்தின்போது மாவே கிடையாது.

நம்பாமல் கூட்டிக்கொண்டு போய்ச் செய்யச் சொன்னேன். வெறும் கையால், சாவதானமாக, கத்திரிக்காய்க் காம்பு கிள்ளுகிற மாதிரி பிடுங்கினாள். என் நாற்பது வருஷ சர்வீஸில் இவ்வளவு பயமில்லாமல் ஒரு சர்வரின் பிளக்கை யாரும் பிடுங்கிப் பார்த்ததில்லை. திரையில் ஓடிக்கொண்டிருந்த மிருதுளாவின் காதுகுத்துப் போட்டோ ஒரு சிமிட்டல் சிமிட்டவில்லை. மைத்துனரே, நான் அழுதுவிட்டேன். ஊசியால் சந்தனத்தைச் சுரண்டினேன். பதினெட்டு வருஷ மௌனத்தையும் சேர்த்துவைத்துக் கத்தியது பாருங்கள், பக்கத்து வீட்டுச் செல்வமேரி அம்மா காஸ் சிலிண்டரை மூடிவிட்டு வெளியே ஓடிவந்துவிட்டார்கள். "இதுக்குத்தான் அடைச்சேன்" என்றாள் உங்கள் தங்கை.

பொன்னுரங்கத்தை வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. சிட்லபாக்கம் வீட்டுக்காரரிடம் மாடிப்படிக்குக் கீழே மூன்று பிளக் பாயிண்ட் கேட்டிருக்கிறோம், எலெக்ட்ரீஷியன் வைத்து. காப்புரிமை இனி வராது, அது எனக்கும் தெரியும். ஆனால் 1998இன் அந்த டெஸ்டிங் ரிப்போர்ட் படிவம் மடிப்புக் கலையாமல் என்னிடம் இருக்கிறது. சற்றுமுன் பூர்த்தி செய்தோம். கேட்ட எண்ணிக்கை: ஐயாயிரம். பார்த்த எண்ணிக்கை: ஐயாயிரத்து நானூற்றுப் பதிமூன்று. தோல்வி: இல்லை. சோதனை நடத்தியவர் என்ற இடத்தில் சாவித்ரி கையெழுத்துப் போட்டுவிட்டாள். அங்கீகரித்தவர் என்ற இடம் காலியாக இருக்கிறது. கடிதத்தை இன்றே கூரியரில் போடுகிறேன், சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பச்சை மசிப் பேனாவுடன் வாருங்கள். நாளைக்கு மாவுக்கு லீவு விட்டு, அடுத்த தடவை நீங்கள் பிடுங்குவதற்கென்று விட்டுவைத்திருக்கிறேன். டீ நான் போடுகிறேன்.

அண்ணா, நான் சாவித்ரி. கண்டிப்பா வா, ஒரு டப்பா கொண்டுவா. கையெழுத்துப் போடாமக் கிளம்பினா மாவு கிடையாது.