ஷிஜாவின் வயதைக் குறைத்த மச்சானுக்கு

விழிஞ்ஞம்,
ஆவணி 3

மதிப்பிற்குரிய மச்சான் லிங்கம் அவர்களுக்கு, சொரிமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை செண்பகவல்லியும் மகள் ஷிஜாவும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் உங்கள் மகன், என் மருமகன் செல்வகணேஷும் சுகமாக இருக்க முத்தாரம்மன் துணை. ஷிஜாவுக்கு ஆதார்ப்படி பதினெட்டு முடிந்த மறுநாளே செல்வகணேஷுக்குத் தாம்பூலம் மாற்றிவிடுவோம் என்று, அம்மன் கோயில் கொடைக்கு நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது சொன்னீர்கள். அதை அப்புறம் பேசுவோம். இப்போது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போன வாரம் மத்தியானம் டீக்கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்தால், வாசலில் கூரியர்காரர் பெட்டியோடு நின்று, "ஷிஜா மேடத்தின்றெ வீடல்லே?" என்கிறார். இந்த வீட்டில் மேடம் யாரும் கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டேன். உள்ளே போனால் உங்கள் மருமகள் தலையில் அடித்துக்கொள்கிறாள். "அப்பா, அது எனக்குள்ள நூலாக்கும். ஓணத்துக்கு வளையல் ஆர்டர் கெடக்கு." பிளஸ் டூ முடித்துவிட்டுச் சும்மா போனை நோண்டுகிறாள் என்று நான் நினைத்த பிள்ளை, அந்தப் போனிலேயே கடை போட்டு, பட்டுநூல் சுற்றிய வளையலைக் கொல்லம் வரைக்கும் விற்றிருக்கிறாள் மச்சான். மகள் முதலாளி என்பதைப் பெற்ற தகப்பனுக்குக் கூரியர்காரர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த அதிர்ச்சி தீருவதற்குள் அடுத்த அடி. பணம் வாங்கித் தருகிற ஆன்லைன் கம்பெனி, ஆதாரைப் பார்த்த கையோடு அவள் கணக்கை நிறுத்திவிட்டது. கடைக்கு ஓனர் என்றால் பதினெட்டு முடிந்திருக்க வேண்டுமாம். கணக்குத் திறக்காவிட்டால் ஓண ஆர்டரெல்லாம் போய்விடும் என்று பிள்ளை சாப்பிடாமல் அழுகிறாள். நானே கம்பெனிக்கு போன் போட்டேன். "சேட்டா, குட்டி மைனரல்லே? அச்சன்றெ பேரில் எடுக்காம்" என்றது ஒரு பெண். சரி, என் பெயரிலேயே எடுப்போம் என்றால், "கடை என்னுதுப்பா, பேரும் என் பேருதான் இருக்கணும்" என்கிறாள் இவள்.

அப்போதுதான் செண்பகவல்லி மெல்ல வாயைத் திறந்தாள். "மைனரா? அவளுக்குச் சித்திரையிலேயே பதினெட்டு முடிஞ்சாச்சே. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது எங்க அண்ணன்லா ஒரு வயசக் குறைச்சுக் குடுத்தாவ." எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் மட்டும் இங்கே கட்டட வேலையில் கிடந்தபோது, மாமன் என்ற உரிமையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கவர்மென்ட் வேலை கிடைத்தால் ஒரு வருஷம் சர்வீஸ் கூட வரும் என்று நீங்கள் குறைத்தீர்களாம். ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை ரிட்டயர் ஆவதைப் பற்றி உமக்கு என்னவே அவ்வளவு கவலை? வேலை எங்கவே? பிள்ளை சொந்தமா ஒரு தொழில் பண்ணுது, அதுக்கும் நீரு போட்ட வயசு குறுக்க வந்து நிக்கி. வயிறு எரியுதுவே.

தலைப்பிரசவம் உங்கள் வீட்டில் நடந்ததால் பிறப்புச் சான்றிதழ் உங்கள் பீரோவில்தான் இருக்கிறது. ஆதாரைத் திருத்த வேண்டும், கடிதம் கண்டதும் அதை எடுத்துக்கொண்டு அடுத்த ரயிலைப் பிடித்து வாருங்கள். வராவிட்டால் உங்கள் வாசலை மிதிக்க மாட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். செல்வகணேஷ் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
சொரிமுத்து

பி.கு.: இதை ஷிஜா வாங்கிப் படித்தாள். முகம் வெளிறிவிட்டது. "ஆதார்ல எனக்குப் பதினெட்டுன்னு ஆயிட்டா மாமா சர்டிபிகேட்டோட தாம்பூலத் தட்டையும் தூக்கிட்டு வந்துருவாவப்பா" என்றாள். அடுத்த நிமிஷமே கடையைத் தன் அம்மா பெயருக்கு மாற்றிவிட்டாள். ஆளைச் சரிபார்க்க கம்பெனி கேட்டபடி செண்பகவல்லி போனைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள், கணக்குத் திறந்துவிட்டது. ஆகவே மச்சான், வர வேண்டாம். சான்றிதழ் பீரோவிலேயே இருக்கட்டும். பிள்ளைக்குப் பதினேழுதான். அன்றைக்கே இன்னும் ரெண்டு வயது குறைத்துப் போட்டிருக்கலாம் நீங்கள்.