வடக்கு ஜன்னல் பக்தர்கள்

இயற்கை வெளிச்சக்காரர்கள் என்றோர் இனம் ஆஸ்திரேலியாவில் உள்ள எங்கள் பெண்டிகோ ஊரில் மழைக்காலக் காளானைப்போலப் பெருகிவருகிறது. குழந்தை பிறந்த பத்தாம் நாளுக்குள் அவர்களில் ஒருவராவது உங்கள் வாசலில் மணி அடிப்பார். கழுத்தில் கேமரா, கையில் கம்பளித் துணிகள் பிதுங்கும் பெட்டி, முகத்தில் விரதம் இருப்பவரின் களை. "நான் ஃபிளாஷ் போடறதே இல்லைங்க" என்பார். கறி தின்னாதவர்கூட அதை இத்தனை பெருமையோடு சொல்லிக்கொள்வதில்லை.

எல்லாம் இயற்கையாக இருக்க வேண்டுமாம். அதற்காக சோபாவை வராந்தாவுக்குத் தள்ளி, டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, பால் புட்டிகளை ஒளித்து, நாயைக் குளியலறையில் அடைத்து, ஹீட்டரை இருபத்தெட்டு டிகிரிக்கு ஏற்றி, பெற்றவளுக்கு ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் ஒரு சட்டையை மாட்டி, ஒருநாளும் அவள் உட்காராத ஒரு மூலையில் அவளை உட்காரவைத்து, குழந்தையைச் சுருட்டி ஒரு மரக் கிண்ணத்தில் போட்டபிறகு, "இப்ப எப்பவும் போல இருங்க" என்பார்கள். எப்பவும் போலவா? எந்த வீட்டில் எப்போதும் குழந்தையைக் கிண்ணத்தில் போட்டுவைக்கிறார்கள்?

புதிதாகக் குழந்தை பெற்றிருந்த ஜசிந்தா இதையெல்லாம் அறியாதவள் அல்ல. ஆனாலும் ஜூலை மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் டாம்சின் என்ற வெளிச்சக்காரியை வீட்டுக்கு வரச் சொன்னாள். காரணம் ஒன்றே ஒன்று. அவளுடைய அப்பா டெஸ்ஸுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மூக்கில் குழாயும் பக்கத்தில் ஆக்சிஜன் உருளையுமாக நாள் ஓடிக்கொண்டிருந்தது. குளிர்காலத்தைத் தாண்டமாட்டார் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அவரை அந்திமப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க ஏற்பாடாகியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் அம்மா போனபோது இறுதிச்சடங்கு அட்டையில் போட வீட்டில் ஒரு படம் அகப்படவில்லை. கடைசியில் ஏதோ கல்யாணக் கூட்டத்தில், யாரோ ஒருவருடைய தொப்பிக்குப் பின்னாலிருந்து பாதி முகத்தைத்தான் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அப்பாவுக்கும் அப்படி ஆகக்கூடாது. அப்பா, மடியில் பேத்தி மேபல். ஒரு படம் போதும். இதை டாம்சினுக்கு இரண்டு முறை எழுதினாள். வாசலில் மூன்றாம் முறை சொன்னாள்.

"பதினோரு மணிக்கு மேல அப்பாவால உக்கார முடியாது. அவர முதல்ல எடுத்துருங்க."

"கண்டிப்பா, மம்மி. முதல்ல வெளிச்சத்தப் பாத்துடறேன்."

இந்த இனத்தார் பெயர் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. மம்மி, டாடி, தாத்தா. பெற்றவர்களுக்கு ஏது பெயர்?

டாம்சின் கைபேசியில் திசைகாட்டியைத் திறந்து வீடு முழுக்கச் சுற்றினாள். வடக்கு ஜன்னல் கிடைத்ததும் கோயில் நடை திறந்ததைக் கண்டவள்போல நின்றாள். அவள் வித்தை கற்றது பூமியின் மேல்பாதியில் வாழும் ஒரு குருவின் காணொளிகளில். அந்த நாட்டில் சூரியன் தெற்கு வானத்தில் போகும். அதனால் வடக்கு ஜன்னலில் வெயில் விழாது, மெத்தென்ற வெளிச்சம்தான் வரும். எங்கள் ஊரிலோ சூரியன் போவதே வடக்கு வழியாக. குளிர்காலத்தில் தாழ இறங்கி, வடக்கு ஜன்னலுக்குள் நுழைந்து, எதிர்ச்சுவர்வரை நீட்டிப் படுத்துக்கொள்ளும். இங்கேயே பிறந்து, இதே வெயிலில் துணி காயப்போட்டு வளர்ந்தவள்தான் டாம்சின். ஆனால் குரு வடக்கு என்று சொல்லிவிட்டாரே.

மேபலின் முகத்தில் வெயில் அறைந்தது. கண்ணை இடுக்கி, பீட்ரூட் நிறத்துக்குச் சிவந்து, கிண்ணமே அதிர அழுதாள்.

நாற்பது வருடம் வீடு கட்டிய டெஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, இந்த ஜன்னல நான் வச்சதே வெயில் காயறதுக்குத்தான். தெக்கால சலவை அறை இருக்கு பாரு. அங்க போயேன்."

"தாத்தா, வெளிச்சத்த என்கிட்ட விட்டுருங்க."

"சூரியன்கிட்டயும் அதத்தான் சொன்னியா?"

அவள் காதில் விழவில்லை. ஜன்னலில் ஒரு போர்வையைக் கட்டினாள், இருட்டாகிவிட்டது. அவிழ்த்தாள்; வெயில். ஜசிந்தாவின் கணவன் கேலம் ஒரு வெள்ளை விரிப்பைக் கையில் பிடித்தபடி நாற்காலிமேல் சிலுவையாக நின்றான். மணி பத்தரை. குழந்தையின் பாதத்தை ஏழு கோணத்தில் எடுத்தாயிற்று.

"அப்பாவ எடுங்களேன்" என்றாள் ஜசிந்தா.

டாம்சின் டெஸ்ஸைத் தலையைச் சாய்த்து ஒருமுறை பார்த்தாள். "தாத்தா, ரெண்டே நிமிஷம் அந்தக் குழாயக் கழட்டிட முடியுமா? இயற்கையா இருக்கும்."

"கழட்டினா இயற்கையோட இயற்கையாவே போயிருவேன், தாயே."

கேலம் சிரித்ததில் விரிப்பு நழுவியது. ஜசிந்தா சிரிக்கவில்லை. அப்பாவின் உதடு நீலம் பாரிப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

டெஸ் அழுகிற பேத்தியைத் தூக்கிக்கொண்டு, உருளையை இழுத்துக்கொண்டு சலவை அறைக்குப் போனார். துவைக்கும் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். தெற்கு ஜன்னல் வழியே, பால் ஆறினாற்போல ஒரு வெளிச்சம் இருவர்மேலும் படிந்திருந்தது. மேபல் அழுகையை நிறுத்தி அவர் மோவாயைப் பார்த்தாள்.

பின்னாலேயே வந்த டாம்சின் நின்றுவிட்டாள். கேமரா தானாகக் கண்ணுக்கு உயர்ந்தது. விரல் பொத்தானில் படிந்தது. எடுக்கப்போகிறாள் என்று ஜசிந்தா கதவோரம் ஒதுங்கினாள். டாம்சின் திசைகாட்டியைப் பார்த்தாள். தெற்கு. கேமராவை இறக்கிவிட்டாள்.

"இந்தப் பக்கம் வெளிச்சம் சரிவராது, மம்மி."

ஜசிந்தா தன் கைபேசியை எடுத்தாள்.

"படப்பிடிப்பு நடக்கறப்ப வீட்டுக்காரங்க எடுக்கக்கூடாது. ஒப்பந்தத்துலயே இருக்கு."

"நீங்கதான் இங்க எடுக்கலையே. அப்ப இங்க எந்தப் படப்பிடிப்பும் நடக்கல. கொஞ்சம் நகருங்க."

நான்கு படம் எடுத்தாள். மூன்றில் டெஸ் கண்ணை மூடியிருந்தார்.

டாம்சினின் நாற்பது படங்கள் ஐந்து வாரம் கழித்து வந்தன. பாதம், காது, குல்லா, கிண்ணம். டெஸ் ஒன்றே ஒன்றில் இருந்தார். ஓரத்தில், மங்கலாக, ஒரு முழங்கையாக. அதற்குள் அவரை அடக்கம் செய்து நான்கு நாளாகியிருந்தது. அட்டையில் இருந்தது சலவை அறைப் படம். ஜசிந்தா அதை இணையத்திலும் போட்டிருந்தாள். கீழே டாம்சின் எழுதினாள்: "எவ்வளவு மென்மையான வெளிச்சம்! அன்னைக்குக் காலைல அந்த வீட்டு வெளிச்சத்தப் பாத்து வச்சது நான்தான்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும், உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தின் படங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உணவு மேசை பளிச்சென்று விழுந்திருக்கும். அதன் அலங்காரத்துக்குப் பொருந்தாத யாரோ ஒருவரை, "கொஞ்சம் தள்ளிக்கங்க, நிழல் விழுது" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அவரும் தள்ளிப்போயிருப்பார். சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. படம் எடுத்தவர் படத்தில் இருக்கமாட்டார் அல்லவா?