739397 ஏன் தினமும் அடித்து நின்றது

ஊரப்பாக்கம்,
16.8.1998

மதிப்பிற்குரிய மச்சான் உலகநாதன் அவர்களுக்கு, பன்னீர்செல்வம் பணிவுடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கை லோகநாயகியும் மகள் பிரபாவும் உயிரோடு இருக்கிறோம். அங்கு எல்லோரும் அதைவிட நன்றாக இருக்க வேண்டுகிறேன்.

ஆறு வருடம் காத்திருந்து சித்திரையில் எங்கள் வீட்டுக்கு டெலிபோன் வந்தது தங்களுக்குத் தெரியும். வந்த மறுமாதத்திலிருந்து அது தினமும் அடிக்கும், ஓடிப்போய் எடுப்பதற்குள் நின்றுவிடும். "வயசுப் பொண்ணு கீற வூட்ல இது இன்னா பழக்கம்?" என்று உங்கள் தங்கை பிரபாவைப் பிடித்துக்கொண்டாள், அவள் அழுதாள், இரண்டு நாள் சாப்பிடவில்லை, சமைக்க ஆளில்லாமல் நானும் சாப்பிடவில்லை, இந்த லட்சணத்தில் போன வாரம் நீங்கள் பார்த்துச் சொன்ன செய்யூர் மாப்பிள்ளை வீட்டார் சாயங்காலம் வந்து பஜ்ஜியை வாயில் வைக்கிற நேரம் பார்த்து போன் இரண்டு தடவை அடித்து நின்றது. மாப்பிள்ளையின் அம்மா அமிர்தவல்லி அம்மாள், "இன்னாங்க இது, சிக்னல் மாரி கீது?" என்று பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

இன்று ஞாயிறு. விடிந்ததும் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏழரைக்கு அடித்ததும் பாய்ந்து எடுத்து, "யார்றா நீ?" என்று கத்தினேன். "ஐயோ, எடுத்துட்டீங்களா? எடுக்கக் கூடாதுங்களே!" என்றது குரல். பின்தெரு ராமதாஸ் சார்! கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சிக்குக் கணக்குப் போட்டு ஓய்வு பெற்றவர். ஐந்தே நிமிடத்தில் நோட்டும் கையுமாக நேரிலேயே வந்துவிட்டார். குடியிருப்போர் சங்க நோட்டில் எங்கள் நம்பரைப் பார்த்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லையாம். 739397 பகா எண்ணாம், ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாதாம். இடப்பக்கம் ஒவ்வோர் இலக்கமாக நறுக்கினால் 39397, 9397, 397, 97, 7, எல்லாமே பகா எண். வலப்பக்கம் நறுக்கினாலும் 73939, 7393, 739, 73, 7, அப்படியே. "இந்த மாதிரி மொத்தமே பதினஞ்சுதான் சார். இதுதான் அதுல பெரிசு. இதுக்கு மேல எண்ணிகினே போனாலும் இன்னொண்ணு கிடையாது. தினம் ஒருவாட்டி விரலால சுத்திப் பார்க்காம இருக்க முடியல" என்று கண் கலங்கினார். "சுத்திப் பார்க்க எங்க வூடுதான் கெடச்சுதா?" என்று கேட்ட உங்கள் தங்கை, அவருக்குக் காப்பியும் கொடுத்தாள். திட்டுவதற்கு எனக்குத் தெம்பில்லை.

பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டதற்குப் பிரபாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லப்பா" என்று தலையைக் குனிந்துகொண்டாள். தங்கமான பெண். ஆகவே தாங்கள் உடனே அமிர்தவல்லி அம்மாளைப் பார்த்து, பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை, நம்பரில்தான் விசேஷம் என்று பக்குவமாக எடுத்துச் சொல்லவும். சாட்சிக்கு ராமதாஸ் சார் கீழே கையெழுத்திடுவார்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு மீதமிருக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
களைத்துப்போன
பன்னீர்செல்வம்

பி.கு.: சாயங்காலம் வந்த ராமதாஸ் சார் பேனாவைத் திறந்தார், கடிதத்தை இரண்டு முறை படித்தார், பேனாவை மூடிவிட்டார். "தப்பான கூற்றுல நான் கையெழுத்துப் போடறதில்ல சார். நான் காலைல ஒரே ஒருவாட்டிதான். சாயங்காலத்துல ரெண்டுவாட்டி அடிக்கிறது நானில்ல" என்றார். அவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே போன் இரண்டு தடவை அடித்து நின்றது. பிரபா நூல்கண்டு வாங்க வேண்டும் என்று தலையை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை, எந்தக் கடையும் கிடையாது. தாங்கள் அமிர்தவல்லி அம்மாளைப் பார்க்கப் போக வேண்டாம். நான் பிரபா பின்னால் போகவேண்டும், என் செருப்பைத்தான் காணவில்லை.