குரங்கு வேண்டாமென்ற வாழைப்பழம்

எங்கள் ஊரில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் பெண்ணுக்கும் பையனுக்கும் பிடித்தால் போதாது. குரங்குக்குப் பிடிக்க வேண்டும்! சிரிக்காதீர்கள். பேருந்துப் பணிமனைக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் விடிந்தால் போதும், வக்கீல், வாத்தியார், வங்கி மேனேஜர் என்று வரிசை தெருமுனை வரை நீளும். உள்ளே பழ ஜோசியர் வீற்றிருப்பார். பெண்ணின் பெயரைச் சொல்லி ஒரு வாழைப்பழத்தைப் பட்டுத்துணியால் துடைத்து, கூரையில் காத்திருக்கும் குரங்குகளிடம் நீட்டுவார். தின்றால் யோகம். முகர்ந்துவிட்டு எறிந்தால் பெண்ணுக்குப் பீடை. ஜோசியரிடம் காசு கட்டிப் பரிகாரம் செய்யாமல் கல்யாணப் பேச்சையே எடுக்கக்கூடாது. வசதியான வீட்டுப் பெண்களையே பீடை தேடிப் பிடிப்பது ஏனோ யாருக்கும் உறைக்கவில்லை.

அன்று, மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் முறை. அப்பாவுக்குச் சொந்தமாகச் சிமெண்ட் கடை. பிறகு கேட்க வேண்டுமா? தாட்டியான குரங்கு ஒன்று இறங்கி வந்து, பழத்தை வாங்கி, முகர்ந்து, வீசி எறிந்தது.

"பொல்லாத பீடை! மாமியார் உயிருக்கே ஆபத்து," என்றார் ஜோசியர், கண்ணை மூடியபடி.

மாப்பிள்ளையின் அம்மா அழுதேவிட்டார். "இந்தச் சம்பந்தமே வேணாம் சாமி! வாடா போகலாம்." மாப்பிள்ளையும் செருப்பை மாட்டினான்.

பெண்ணுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆனால் கோபம் அதைவிடப் பெரிதாக வந்தது.

"ஒரு நிமிஷம் அத்தை. நேத்து எங்க வீட்டுக்குள்ள பூந்த குரங்கு குளிக்கிற சோப்பைத் தின்னுச்சு. கடையில இருமல் மருந்தைப் பாட்டிலோட தூக்கிட்டுப் போச்சு. அதுங்களுக்கு என் பழம் மட்டும் இளக்காரமா?"

"தெய்வக் குத்தம்!" என்று துள்ளினார் ஜோசியர்.

"வாயை மூடும்மா," என்றார் அப்பா.

அவள் மூடவில்லை. கீழே கிடந்த அதே பழத்தை எடுத்து, தோலை உரித்து விரித்து, அதே குரங்கிடம் நீட்டினாள். அது மறுபடி முகர்ந்து பார்த்து, பழத்தை மட்டும் உருவி வாயில் அடைத்துக்கொண்டு, இன்னொன்றுக்குக் கையையும் நீட்டியது.

"என்ன ஜோசியரே, பீடை தோலோட போயிடுச்சா?"

மாப்பிள்ளையின் அம்மா அந்தத் தோலை வாங்கித் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அதே கையால் கண்ணீரைத் துடைத்தார். அவ்வளவுதான்!

"ஐயோ, எரியுதே! மிளகாய்டா, மிளகாய்!"

ஜோசியரின் மடியில் இரண்டு பட்டுத்துணிகள் இருந்தன. யோகத்துக்கு வெள்ளை, பீடைக்கு, மிளகாய்ச் சாற்றில் ஊறிய சிவப்பு. கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் அவர் பின்பக்கத் தகரத்தைத் தள்ளிக்கொண்டு ஓட்டமெடுத்தார்.

"கல்யாணத்தை வச்சிடலாம்மா," என்றார் மாமியார், சிவந்த கண்ணோடு.

பெண் மாப்பிள்ளையைப் பார்த்தாள். "குரங்கு வேணாம்னதும் செருப்பை மாட்டினீங்க. இப்ப அது சரின்னிடுச்சு. நீங்க என்ன சொல்றீங்க?"

அவன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவளுக்கு அது போதும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய்விட்டாள்.

பெரியோர்களே, அந்தக் குரங்கு முகர்ந்து பார்த்த பிறகுதான் எதையும் வாயில் போட்டது. நாம்தான் அப்படியே விழுங்கினோம். குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்கிறார்கள். முதலில் அந்தக் குரங்கு அளவுக்காவது வந்து சேருவோமா?